இணையப் பெயரை மீட்கும் வழி

கடைத்தெருவில் ஒரு கடையைத் தேடிச் செல்பவர் பெயர்ப் பலகையைக் கண்டு உள்ளே நுழைகிறார். இணையத்திலோ பெயர்ப் பலகை, தெரு, கதவு ஆகிய மூன்றும் ஒன்றே. 'டொமைன்' என்று வழங்கும் இணையப் பெயரே அது. அப்பெயர் கைவிட்டுப் போகுமாயின், உள்ளே எத்துணைச் சரக்கு இருந்தாலும் வருவார் இலர். அப்பெயரைக் கொண்ட முகவரிக்கு எழுதப்படும் கடிதங்களும் வந்து சேரா. அதனினும் கொடிது ஒன்று உண்டு. வேறொருவர் அப்பெயரை எடுத்துக்கொண்டு, நம் வேடத்தில் நின்று, நமக்கு வர வேண்டிய முன்பணத்தைத் தாம் பெற்றுக்கொள்ளவும் கூடும்.

சிறு தொழில் செய்வோரும், சங்கத்தாரும், பள்ளி நடத்துவோரும் தம் இணையப் பெயரைப் பதிந்து தரும் பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்நிறுவனம் தொலைபேசியை எடுப்பதில்லை, கடிதத்துக்கு விடை தருவதில்லை, பெயரை விடுவிப்பதுமில்லை. அந்நிலையில் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் கணிப்பொறி கற்றவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, வகுப்பறையிலும் பின்னர்த் தலைமையாசிரியர் அறையிலும் காலத்தைக் கழித்தவன். ஆயினும் இப்பொருள் அடிப்படையில் ஒரு பதிவேட்டைப் பற்றியது. பதிவேடுகளைக் காத்து வந்தவன் என்னும் உரிமையால் இதைக் குறித்துப் பேசத் துணிகிறேன்.

முதலில் இணையப் பெயர் எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிந்துகொள்ளுகின்றன. மனிதருக்கு எண்களை நினைவில் வைப்பது அரிது. ஆகவே 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் ஓர் ஏற்பாட்டை வகுத்தார். 1985இல் 'டாட் காம்' என்று முடியும் முதற்பெயர் பதியப்பட்டது. நம் நாட்டுக்குரிய 'டாட் இன்' என்னும் முடிவு 1989இல் வழங்கப்பட்டது. இன்று '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' எனத் தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் உள்ளன.

இப்பெயர்களை ஆளும் அமைப்பில் மூன்று படிகள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாதவர் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் அலைவர்.

மேற்படியில் இருப்பது பதிவேட்டு நிலையம். 'டாட் காம்' என்று முடியும் பெயர்கள் அனைத்தையும் எழுதி வைத்திருக்கும் பேரேடு வெரிசைன் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் உள்ளது. 'டாட் இன்' பெயர்களின் பேரேட்டை, 2005ஆம் ஆண்டு முதல் நிக்ஸி என்று சுருக்கமாக வழங்கும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு நடத்தி வருகிறது. நடுப்படியில் இருப்போர் பதிவாளர்கள். பேரேட்டில் பெயரை எழுதவும் திருத்தவும் அனுமதி பெற்ற நிறுவனங்கள் இவை. கீழ்ப்படியில் இருப்போர் முகவர்கள். நமக்கு இணையதளம் அமைத்துத் தரும் உள்ளூர்க் கம்பெனி பெரும்பாலும் இத்தகைய முகவரே. அவர் ஒரு பதிவாளரிடம் கணக்கு வைத்துக்கொண்டு, நமக்காகப் பெயரைப் பதிகிறார். நாம் அறிந்தவர் முகவர் ஒருவரே. ஆனால் அவருக்கு மேலே இருவர் இருக்கின்றனர். முகவர் வாய் மூடினாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை என்பதை இங்கே நினைவில் நிறுத்த வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுப்பது ஐகான் எனப்படும் அமைப்பு. 1998இல் கலிபோர்னியாவில் நிறுவப்பட்ட இந்த அமைப்பு இலாப நோக்கு அற்றது. 'டாட் காம்', 'டாட் ஆர்க்', 'டாட் நெட்' முதலிய பொதுப் பெயர்களைப் பதியும் பதிவாளர் ஒவ்வொருவரும் ஐகானோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர். நாட்டுக்குரிய முடிவுகளாகிய 'டாட் இன்' போன்றவை அவ்வொப்பந்தத்துக்குள் வாரா. அவற்றின் விதிகளை அந்தந்த நாட்டுப் பதிவேட்டு நிலையமே வகுக்கிறது.

இனி, ஒரு பதிவாளரிடமிருந்து மற்றொரு பதிவாளரிடம் பெயரை மாற்றுவது எப்படி? இதைப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழை வைத்து எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மாணவன் பள்ளி மாறும்போது பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் தருகிறது. புதிய பள்ளி அதைப் பெற்றுக்கொண்டு அவன் பெயரைத் தன் பதிவேட்டில் எழுதுகிறது. இணையப் பெயருக்கும் அத்தகைய சான்று உண்டு. அது ஒரு சங்கேதச் சொல். எழுத்தும் எண்ணும் கலந்தது. பழைய பதிவாளர் பூட்டை நீக்கி, அச்சங்கேதத்தைக் கொடுத்தால், புதிய பதிவாளர் அதைக் காட்டிப் பெயரைத் தம்மிடம் வரவழைத்துக்கொள்வார். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு மாணவனை அலைக்கழிக்கும் பள்ளி எப்படியோ, அப்படியே சங்கேதத்தைத் தராத கம்பெனியும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி பெறும் குழந்தை பள்ளி மாறும்போது தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்று விதிக்கிறது; தாமதம் செய்பவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்றும் கூறுகிறது. ஐகானின் மாற்ற விதியும் இதை ஒத்ததே. சங்கேதத்தையும் பூட்டு நீக்கத்தையும் பெயருக்குரியவர் தாமே கணினியில் செய்துகொள்ளப் பதிவாளர் வசதி தர வேண்டும். அவ்வசதி இல்லையேல், கேட்ட 5 நாளுக்குள் தந்தாக வேண்டும். புதிய பதிவாளர் முறைப்படி கேட்ட பின்னர்ப் பழையவர் 5 நாள்வரை வாளாவிருந்தால், அம்மௌனமே சம்மதமாகக் கொள்ளப்படும்.

மறுப்பதற்கும் சில காரணங்களை விதி ஒப்புக்கொள்ளுகிறது. புதிதாகப் பதிந்த பெயரையும், அண்மையில் பதிவாளர் மாறிய பெயரையும் 60 நாள்வரை விடாதிருக்கலாம். உரியவரின் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ திருத்தினாலும் அத்தகைய 60 நாள் தடை விழக்கூடும். ஆகையால் திருத்துவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுவது நலம். பெயரைப் பதிந்த காலத்துக்குரிய கட்டணமே செலுத்தப்படவில்லை என்றால் அதுவும் மறுக்கத் தக்க காரணம். ஆனால் உரியவர் தம் கட்டணத்தைச் செலுத்தியிருக்க, முகவர் பதிவாளருக்குப் பணம் கட்டவில்லை என்பது காரணம் ஆகாது. இடையில் நிற்பவர் செய்த குற்றத்துக்கு உரியவர் தண்டனை பெறக் கூடாது என்பதே அதன் கருத்து.

எங்கள் மரக்காணத்துக் கடற்கரையில் இதை நேரிற்கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றைப் போலவே மரக்காணமும் உப்புக்குப் பெயர் பெற்ற ஊர். தை, மாசியில் தொடங்கும் உப்பு விளைச்சல் ஐப்பசி மழையோடு நின்றுவிடும். மழைக்கு முன் விற்காத உப்பை அம்பாரமாகக் குவித்து, ஓலையோ தார்ப்பாயோ கொண்டு மூடிக் காக்க வேண்டும். அதற்கும் செலவு உண்டு. கரைந்து போகும் இழப்பும் உண்டு. ஆகவே ஆவணி, புரட்டாசி மாதங்களில் வரும் ஒவ்வொரு கொள்முதல் கடிதமும் அளக்காரருக்கு மிகுந்த மதிப்புடையது.

என்னிடம் படித்த மாணவர் சிலர் உப்பு உற்பத்தியாளர்களாக ஒன்றுகூடி ஒரு சிறு சங்கம் நடத்துகின்றனர். 'டாட் காம்' என்று முடியும் அவர்கள் பெயரை நகரத்துக் கம்பெனி ஒன்று பதிந்து கொடுத்திருந்தது. வெளியூர் வணிகர்களின் கடிதங்கள் அப்பெயருக்குரிய மின்னஞ்சல் முகவரிக்கே வந்தன. 2021ஆம் ஆண்டு ஆவணியில் அக்கம்பெனி விடை கூறுவதை நிறுத்திவிட்டது. பெயரின் தவணையோ புரட்டாசிக் கடைசியில் முடிவதாக இருந்தது. நகரத்துக்கு நேரில் சென்று வந்தவர், அலுவலகக் கதவு பூட்டிக் கிடக்கிறது என்ற செய்தியோடு திரும்பினார். சங்கச் செயலாளர் பற்றுச்சீட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். மனு எழுதுவதில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதே அவர் வந்த காரணம்.

நாங்கள் முதலில் செய்தது விசாரணை. ஐகான் நடத்தும் தேடற்பக்கத்தில் ஒரு பெயரை எழுதினால், அதைப் பற்றிய பதிவு விவரம் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும். 2018க்குப் பின் தனிமனிதர் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. ஆயினும் மூன்று செய்திகள் மறைக்கப்படுவதில்லை. பதிவாளர் யார் என்பது ஒன்று. தவணை முடியும் நாள் இரண்டு. பெயரின் நிலை மூன்று. மாற்றத் தடையாகிய பூட்டு போடப்பட்டுள்ளதா என்பதை அந்நிலைக்குறிப்பு காட்டும். எங்கள் சங்கப் பெயரின் பதிவாளர் முற்றிலும் வேறான ஒரு பெரிய நிறுவனம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் கிடைத்துவிட்டார்.

அடுத்தது கடிதம். இத்தகைய கடிதத்தில் வசைமொழிக்கு இடமில்லை. கோரிக்கை இரண்டே இருக்க வேண்டும்: பூட்டை நீக்குக, சங்கேதத்தைத் தருக. இணையதளம் சரியில்லை, பணம் மிகுதியாக வாங்கினீர் என்னும் பழைய வழக்குகளை அதிற் கலத்தல் ஆகாது. ஒரு மனுவில் பல குறைகளை எழுதினால், அதிகாரி எளிய குறைக்கு விடையளித்து, அரியதை விட்டுவிடுவார் என்பது அலுவலகம் கண்ட அனைவரும் அறிந்ததே. கடிதத்தில் நாள் குறித்து, விடைக்கு ஒரு கெடுவும் வைத்து, மின்னஞ்சலில் ஒரு படியும், ஒப்புகையோடு கூடிய தபாலில் ஒரு படியும் அனுப்பினோம். தபால் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்த உறையைக் கிழித்தெறியாமல் வைத்துக்கொண்டோம். முகவர் பொறுப்பைக் கைவிட்டார் என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவதாக, பதிவாளருக்கு எழுதினோம். சங்கம் பதிவு பெற்ற சான்று, கட்டணப் பற்றுச்சீட்டுகள், செயலாளரின் அடையாளச் சான்று, திரும்பிய உறை ஆகியவற்றின் படங்களை இணைத்தோம். பேரேட்டில் உரியவர் என்னும் இடத்தில் சங்கத்தின் பெயரும், மின்னஞ்சல் என்னும் இடத்தில் முகவரின் முகவரியும் இருந்தன என்று பதிவாளர் தெரிவித்தார். இவ்விரண்டில் முதலாவதே எங்களைக் காத்தது. உப்பை வாரியவர் எவராயினும், குத்தகைப் பத்திரத்தில் எழுதிய பெயரே கணக்கில் நிற்கும் அல்லவா? ஏறக்குறைய மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. இதற்கிடையே தவணை தவறிவிடாதபடி ஓராண்டுப் புதுப்பித்தற் கட்டணத்தைச் சங்கம் பதிவாளரிடமே செலுத்தியது. முடிவில் பெயர் சங்கத்தின் கணக்கில் வந்து சேர்ந்தது. மழைக்கு முந்திய கொள்முதல் கடிதங்களில் சில அவ்விடைக்காலத்தில் தவறிப்போயின, எஞ்சியவை வந்தன.

பதிவாளரும் விடை தராவிடின் என் செய்வது? பொதுப் பெயராயின் ஐகானின் ஒப்பந்தக் கண்காணிப்புப் பிரிவிடம் முறையிடலாம். அதற்குரிய படிவம் இணையத்தில் உள்ளது, கட்டணம் இல்லை. சங்கேதம் கேட்ட நாள், அனுப்பிய கடிதம், கிடைத்த விடை அல்லது கிடைக்காமை ஆகியவற்றை வரிசையாக எழுத வேண்டும். ஐகான் பதிவாளரிடம் விளக்கம் கேட்கும். ஒப்பந்தத்தை மீறுவோரின் அனுமதியை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் பெயர் யாருக்குரியது என்னும் வழக்கில் அது தீர்ப்பளிக்காது. ஒருவரிடமிருந்து பெயரைப் பிடுங்கி மற்றவருக்குக் கொடுக்கவும் செய்யாது. 'டாட் இன்' பெயராயின் ஐகானுக்கு எழுதிப் பயனில்லை. நிக்ஸி நடத்தும் பதிவேட்டு நிலையத்துக்கே எழுத வேண்டும்.

அனுமதி நீக்கம் என்பது வெறும் எச்சரிக்கை அன்று. ரெஜிஸ்டர்ஃபிளை என்னும் அமெரிக்கப் பதிவாளர் வாடிக்கையாளருக்கு விடையளியாமலும், சங்கேதங்களைத் தராமலும், கட்டிய பணத்துக்குப் பெயர்களைப் புதுப்பியாமலும் விட்டதாக எண்ணற்ற முறையீடுகள் எழுந்தன. 2007ஆம் ஆண்டு மார்ச்சில் ஐகான் அதன் அனுமதியை நீக்கியது. அவ்வாண்டிலேயே, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கோடாடி என்னும் வேறொரு பதிவாளரிடம் மொத்தமாக மாற்றப்பட்டன. பதிவாளர்கள் தம் பதிவு விவரங்களின் படியை நடுநிலையான ஓரிடத்தில் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு, அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே உறுதியாக நடைமுறைக்கு வந்தது. பள்ளி தீப்பற்றினாலும் மதிப்பெண் பட்டியலின் படி கல்வி அலுவலகத்தில் இருப்பது போன்ற காப்பு இது.

இதுவரை கூறியவை பேரேட்டில் நம் பெயர் எழுதப்பட்டிருக்கும்போது பொருந்துவன. முகவர் தம் பெயரிலேயே பதிந்துகொண்டிருந்தால் வழக்கு வேறு. அப்போது அவர் நமக்காகவே பதிந்தார் என்பதைப் பற்றுச்சீட்டாலும் ஒப்பந்தத்தாலும் நாம் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எதிர்க்கட்சி தொலைவில் உள்ள நகரத்தில் இருப்பது தடையன்று. குறை நேர்ந்த இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையாயின் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை நுகர்வோராகச் சட்டம் கொள்வதில்லை என்றாலும், தம் பிழைப்புக்காகத் தாமே உழைத்துத் தொழில் செய்பவருக்கு விலக்கு அளிக்கிறது. 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையத்தை முன்னதாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் வழி நடுவர் தீர்ப்பு. பொதுப் பெயர்களுக்கு ஐகான் 1999இல் ஒரு தகராறு தீர்வு முறையை வகுத்தது. முறையிடுபவர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும்: அப்பெயர் தம் வணிகக் குறியோடு ஒத்தது அல்லது மயக்கம் தருவது, வைத்திருப்பவருக்கு அதில் முறையான உரிமை இல்லை, தீய எண்ணத்தோடு பதியப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. இதில் பெயரை மாற்றித் தரவோ நீக்கவோ கூறுவார்களேயன்றி, நஷ்ட ஈடு வழங்க மாட்டார்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் முன் வழக்காடக் கட்டணம் 1,500 டாலர்; சிறு சங்கத்துக்கு இது பெருஞ்சுமை. 'டாட் இன்' பெயர்களுக்கு நிக்ஸியின் நடுவர் முறை தனியே உள்ளது.

மூன்றாம் வழி நீதிமன்றம். இந்தியாவில் இணையப் பெயருக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆயினும் 2004ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வழியைத் திறந்து வைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிஃபி' என்னும் சொல்லை ஆக்கி, இணையப் பெயர்களைப் பதிந்திருந்தது. சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனம் அதை ஒத்த ஒலியுடைய பெயர்களைப் பின்னர்ப் பதிந்தது. கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநாட்டியது. இணையப் பெயர் வெறும் முகவரி அன்று, ஒரு தொழிலை அடையாளம் காட்டும் குறியும் ஆகும்; ஆதலால் வணிகக் குறிக்குரிய சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எவ்வழியில் சென்றாலும் காலத்தை மறத்தல் கூடாது. தவணை முடிந்த 'டாட் காம்' பெயரைப் பதிவாளர் சில காலம் வைத்திருந்து நீக்கிவிடுவார். நீக்கிய பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் மீட்கக் கட்டணம் மிகுதி. அதன்பின் 5 நாள் கழிந்தால் பெயர் பொதுவில் விடப்படும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய பெயர்களுக்காகவே காத்திருந்து பறிக்கும் வணிகரும் உலகில் உளர். ஆகையால் வழக்கு நடக்கும்போதும் புதுப்பித்தற் கட்டணத்தை எவ்வாறேனும் கட்டிவிட வேண்டும். கோபத்தால் கட்டணத்தை நிறுத்துபவர் வழக்கில் வென்றாலும் பொருளை இழப்பார்.

ஒரு செய்தியை மேலும் சொல்ல வேண்டும். இணையப் பெயர் வேறு, இணையதளப் பக்கங்களை வைத்திருக்கும் இடம் வேறு, மின்னஞ்சல் பெட்டி வேறு. பெயரை மாற்றியவுடன் மற்றவையும் கூடவே வந்துவிடா. பழைய கடிதங்களையும் பக்கங்களையும் முன்னரே படியெடுத்து வைத்துக்கொண்ட பின்னரே மாற்றத்தைத் தொடங்குதல் அறிவுடைமை.

சங்கம், பள்ளி, கடை எதுவாயினும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். பதிவாளரின் பெயர், பதிவுக் கணக்கின் பெயர், உரியவராக எழுதப்பட்டிருப்பவர், தொடர்புக்குக் கொடுத்த மின்னஞ்சல், தவணை முடியும் நாள் ஆகிய ஐந்தையும் அப்பக்கத்தில் எழுதுங்கள். தொடர்பு மின்னஞ்சல் அந்த இணையப் பெயரையே சார்ந்ததாக இல்லாதிருக்கட்டும். பெயர் முடங்கினால் அதுவும் முடங்கிவிடும். செயலாளர் மாறும்போது பணப்பெட்டியின் சாவியோடு இப்பக்கத்தையும் கையொப்பமிட்டு ஒப்படையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பொதுக்குழு கூடும் நாளில், அவ்வைந்தும் சரியாக உள்ளனவா என்று ஒருவர் உரக்கப் படிக்கட்டும். கால் மணி நேரத்தில் முடியும் வேலை இது.